ஃபிளாக் மாறியும் பில்ட் மாறவில்லையா? கட்டளை மாற்றத்தைக் கவனிக்கும் மேக்ஃபைல் எழுத முழுமையான வழிகாட்டி

"அண்ணா, ஆப்டிமைசேஷன் ஃபிளாக்கை மாத்திட்டேன், பைனரி சைஸ் அப்படியே இருக்கு." "மேக் கிளீன் போட்டியா?" தரமணியிலிருந்து சிறுசேரி வரை ஃபர்ம்வேர் எழுதும் அலுவலகங்களில் இந்தப் பேச்சு வாடிக்கை. கிளீன் என்றால் முன்பு கம்பைல் ஆனதையெல்லாம் அழித்துவிடுவது; அதைப் போட்டால் சரியாகிவிடும், உண்மைதான். ஆனால் எப்போது கிளீன் போட வேண்டும் என்பதை ஒரு மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டிய பில்டை எப்படி நம்புவது? அம்பத்தூரில் ஒரு மோட்டார் கன்ட்ரோலருக்குள் போகப்போகும் பைனரியில் பாதி ஆப்ஜெக்ட் (ஒரு சோர்ஸ் ஃபைலைக் கம்பைல் செய்து வரும் ஃபைல்) பழைய ஃபிளாக்கிலும் (கம்பைலருக்குக் கொடுக்கும் ஆப்ஷன்) பாதி புதிய ஃபிளாக்கிலும் கம்பைல் ஆகியிருந்தால், சோர்ஸ் கோடை எத்தனை முறை படித்தாலும் பிழை கண்ணில் படாது. பிழை அங்கே இல்லையே.

இந்த வழிகாட்டி, கம்பைல் கட்டளைகளைத் தேவைப்படும்போது மட்டும் ஓட்டும் குனு மேக்குக்கானது; அதற்கான விதிகளை எழுதி வைக்கும் ஃபைல்தான் மேக்ஃபைல். வரைவுகளில் கட்டளைப் பெயர்களையும் மாறிகளையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் ஃபைலில் அவற்றின் வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள். குறியீடுகள் மட்டும் அப்படியே இருக்கும்.

மேக் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதினார். அன்றிலிருந்து அதன் கேள்வி ஒன்றேதான்: டார்கெட்டைவிட (உருவாக்க வேண்டிய ஃபைல்) டிபெண்டென்சியின் (அது சார்ந்திருக்கும் ஃபைல்) தேதி புதியதா? ஆம் என்றால் ரெசிபி (டார்கெட்டை உருவாக்கும் கட்டளைகள்) ஓடும், இல்லையென்றால் ஓடாது. போன முறை எந்தக் கட்டளையால் அந்த ஆப்ஜெக்ட் உருவானது என்பதை மேக் எங்கேயும் எழுதி வைப்பதில்லை.

எல்லா ஆப்ஜெக்டுக்கும் மேக்ஃபைலையே டிபெண்டென்சியாகக் கொடுப்பது பலர் செய்யும் முதல் வேலை. இதில் இரண்டு குறை. மேக்ஃபைலில் ஒரு கமென்ட்டைத் திருத்தினாலும் எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். அதைவிட முக்கியமாக, கம்பைலர் ஃபிளாக்குகளை வைத்திருக்கும் சிஃபிளாக்ஸ் மாறியைக் கமாண்ட் லைனில் மாற்றிக் கொடுத்தாலோ, என்விரான்மென்டிலிருந்து அது மாறி வந்தாலோ மேக்ஃபைலின் தேதி நகராது. ஃபிளாக்கை அதிகம் மாற்றுவது அந்த வழியில்தான்.

ஆகவே கட்டளையையும் ஒரு டிபெண்டென்சியாகவே நடத்த வேண்டும். அதற்குப் பழையதை எழுதி வைக்க வேண்டும், புதியதோடு ஒப்பிட வேண்டும். இந்த இரண்டில் எதில் தவறினாலும் விளைவு இரண்டில் ஒன்று: எப்போதும் பில்ட் ஆகும், அல்லது ஆக வேண்டிய நேரத்தில் ஆகாது. முதலாவது எரிச்சல், உடனே தெரிந்துவிடும். இரண்டாவது ஆபத்து, தெரியவே தெரியாது. சந்தேகம் வரும் இடத்தில் எப்போதும் முதலாவதன் பக்கம் சாயுங்கள்.

படி 1: ஸ்டாம்ப் ஃபைலில் தொடங்குங்கள்

பெரும்பாலான புராஜெக்ட்டுகளுக்கு இது போதும்:

```
ஃபிளாக்ஸ்.ஸ்டாம்ப்: ஃபோர்ஸ்
	@பிரிண்ட்எஃப் '%எஸ்\என்' '$(சிசி) $(சிஃபிளாக்ஸ்)' > $@.புது
	@சிஎம்பி -எஸ் $@.புது $@ || எம்வி $@.புது $@

மெயின்.ஓ: மெயின்.சி ஃபிளாக்ஸ்.ஸ்டாம்ப்

.ஃபோனி: ஃபோர்ஸ்
ஃபோர்ஸ்:
```

`$@` என்பது டார்கெட்டின் பெயர். ஒவ்வொரு முறையும் ஸ்டாம்பின் ரெசிபி ஓடும். புதிய ஃபிளாக்குகளைத் தனி ஃபைலில் எழுதி, பழையதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் பழையதன் இடத்தில் வைக்கும். வேறுபாடு இல்லையென்றால் ஸ்டாம்பின் தேதி நகராது. ரெசிபி ஓடி முடிந்ததும் குனு மேக் அந்த ஃபைலின் தேதியை மறுபடி பார்ப்பதால், தேதி நகராவிட்டால் மெயின்.ஓவைத் தொடாது. முழு உத்தியும் இந்த ஒரு நடத்தையில்தான் நிற்கிறது.

இதிலேயே நான்கைந்து இடத்தில் வழுக்கலாம்.

ஃபோனி என்பது ஃபைல் எதையும் குறிக்காத, பெயரளவிலான டார்கெட்டுகளின் பட்டியல். ஸ்டாம்பையே அதில் சேர்த்துவிட வேண்டாம். ஃபோனி டார்கெட்டைச் சார்ந்த எல்லாமே பழையது என்றுதான் மேக் முடிவு செய்யும். தேதியைப் பார்க்கவே பார்க்காது. ஃபோனியாக இருக்க வேண்டியது ஃபோர்ஸ் மட்டும். அதைச் சொல்லாமல் விட்டால், யாராவது அந்த டைரக்டரியில் ஃபோர்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபைலை உருவாக்கிய நாளில் கண்காணிப்பு சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஸ்டாம்புக்கு ரெசிபியே இல்லாமல் விதி எழுதினாலும், ஸ்டாம்பை ஃபோனியாக்கியது போலவே எல்லாம் எப்போதும் கம்பைல் ஆகும். ரெசிபி இல்லாத டார்கெட்டை மேக் புதிதாக ஆனதாகவே எடுத்துக்கொள்ளும்.

எழுதுவதற்கு எக்கோவைப் பயன்படுத்தாதீர்கள். உபுண்டுவில் ரெசிபிகள் ஓடும் ஷெல் டாஷ்; அதன் எக்கோ பின்சாய்வுக் கோட்டு எழுத்துகளை விரித்து எழுதும், பாஷின் எக்கோ விரிக்காது. ஒரே ஃபிளாக் இரண்டு மெஷினில் இரண்டு விதமாகப் பதிவாகும். பிரிண்ட்எஃப் எங்கும் ஒன்றுபோல் நடக்கும்.

கரண்ட் போவது சென்னையில் புதிதல்ல. ஸ்டாம்பை நேரடியாக எழுதிக்கொண்டிருக்கும்போது மெஷின் அணைந்தால் பாதி எழுதிய ஃபைல் மிஞ்சும். தனியாக எழுதி எம்வி செய்வதால், அந்த நிலையில் பெரும்பாலும் பழையது முழுதாக இருக்கும் அல்லது புதியது முழுதாக இருக்கும். கம்பைலர் வெளியீட்டுக்கும் இதே பாதுகாப்பைக் கொடுக்கலாம். கம்பைல் தோல்வியடைந்தால் அரைகுறை ஆப்ஜெக்டை நீக்க, டெலீட்-ஆன்-எரர் என்ற சிறப்பு டார்கெட்டை மேக்ஃபைலில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். கரண்ட் போனால் மேக்கே உயிரோடு இல்லாததால் அந்த வரி உதவாது, எம்வி உதவும்.

படி 2: எதையெல்லாம் பதிவு செய்வது

கம்பைலர் பெயரும் ஃபிளாக்கும் போதும் என்று தோன்றும். ஒரு நாள் ஏபிடி அப்டேட்டில் கம்பைலர் புது வெர்ஷனுக்குப் போகும். கட்டளையின் எழுத்துகளில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. எனவே கம்பைலரின் வெர்ஷன் வரியையும் ஸ்டாம்பில் சேருங்கள். லினக்ஸ் கெர்னலும் கம்பைலர் வெர்ஷன் வாசகத்தைத் தன் கான்ஃபிக்கில் வைத்திருக்கிறது; கம்பைலர் மாறினால் கெர்னல் மறுபடி கம்பைல் ஆவது அதனால்தான். வெர்ஷன் கேட்கும் ஷெல் அழைப்பை `:=` கொண்டு மாறியில் வையுங்கள். வெறும் `=` போட்டால் அந்த மாறி விரியும் ஒவ்வொரு முறையும் கம்பைலர் ஓடும்.

ஆப்ஜெக்டுகளை ஒரே பைனரியாக இணைக்கும் லிங்க் கட்டத்துக்குத் தனி ஸ்டாம்ப் வேண்டும், அதில் ஆப்ஜெக்ட் பட்டியலும் இருக்க வேண்டும். ஏன்? புராஜெக்டிலிருந்து ஒரு சோர்ஸ் ஃபைலை நீக்குகிறீர்கள். மிச்சமுள்ள ஆப்ஜெக்டுகள் எல்லாம் பழைய தேதியிலேயே இருக்கும். எதுவும் புதிதாகவில்லை என்று மேக் லிங்க்கை விட்டுவிடும், நீக்கிய கோடு பைனரிக்குள் தொடர்ந்து வாழும். ஸ்டேட்டிக் லைப்ரரியில் இன்னும் ஒரு படி மேலே: ஆர்க்கைவ் கட்டளையின் ஆர் செயல்பாடு இருப்பதை மாற்றும், இல்லாததைச் சேர்க்கும், ஆனால் பட்டியலில் இல்லாமல் போனதை நீக்காது. ரெசிபியின் முதல் வரியிலேயே பழைய லைப்ரரி ஃபைலை அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

எதைச் சேர்க்கக் கூடாது? ஒவ்வொரு முறையும் மாறுவது எதையும். பில்ட் நேரத்தை மேக்ரோவாக எல்லா ஃபைலுக்கும் கொடுக்கும் பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. டேட் கட்டளையின் விடை சிஃபிளாக்ஸுக்குள் இருந்தால் ஸ்டாம்ப் தினமும், நொடிதோறும் மாறும். கிட் கமிட் எண்ணும் அப்படித்தான். வெர்ஷன் விவரம் தேவைப்படும் ஒரே ஒரு சிறிய சி ஃபைலைப் பிரித்து, அந்த மேக்ரோவை அதற்கு மட்டும் கொடுங்கள். ஷெல்லின் புராசஸ் எண்ணை வைத்துத் தற்காலிக ஃபைலுக்குப் பெயர் வைத்திருந்தால், அதுவும் பதிவுக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கொட்டேஷன், நீளம், ஃபைல் ஃபங்ஷன்

சிஃபிளாக்ஸுக்குள் ஒற்றை மேற்கோள் ஒன்று வந்தால் மேலே உள்ள பிரிண்ட்எஃப் வரி உடைந்துவிடும். ஸ்டிரிங் மேக்ரோ கொடுக்கும் புராஜெக்டில் இது கட்டாயம் வரும். சப்ஸ்ட் ஃபங்ஷனால் ஒவ்வொரு ஒற்றை மேற்கோளையும் `'\''` என்று மாற்றிவிட்டு ஷெல்லுக்குக் கொடுங்கள்.

நீளமும் ஒரு சிக்கல். லினக்ஸில் ஒரு புரோகிராமுக்குக் கொடுக்கும் ஒற்றை ஆர்குமென்டின் நீளம் 128 கேபியைத் தாண்டக் கூடாது. ரெசிபியின் ஒரு வரி முழுவதும் ஷெல்லுக்கு ஒரே ஆர்குமென்டாகப் போவதால், ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட் பெயர்களை ஒரே வரியில் பதிவு செய்யப் போனால் இந்த வரம்பில் முட்டும்.

இரண்டுக்கும் நல்ல தீர்வு, குனு மேக் 4.0-இல் 2013-இல் வந்த ஃபைல் ஃபங்ஷன். ஷெல்லைத் தொடாமல் மேக்கே நேரடியாக எழுதும். மேற்கோள் தொல்லையும் இல்லை, நீளத் தொல்லையும் இல்லை. ஆனால் இதற்கும் சில நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, ரெசிபியின் முதல் வரி ஓடுவதற்கு முன்பே எல்லா வரிகளையும் மேக் விரித்து முடித்துவிடும். மூன்றாவது வரியில் ஃபைல் ஃபங்ஷனை வைத்தால், அது முதல் வரிக்கு முன்பே எழுதிவிடும். முதல் வரியில் டைரக்டரியை உருவாக்கி, அடுத்த வரியில் அதற்குள் எழுதலாம் என்று நினைத்தால் எழுத இடமே இருக்காது. ரெசிபிக்குள் இருக்கும் ஷெல் ஃபங்ஷனுக்கும் இதே விதி.

இரண்டாவது, மேக்புக் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. ஆப்பிளின் டெவலப்பர் கருவிகளோடு வரும் குனு மேக் 3.81, அதாவது 2006-ஆம் ஆண்டு வெர்ஷன். அதில் ஃபைல் ஃபங்ஷன் கிடையாது. பிழை காட்டினாலாவது பரவாயில்லை. தெரியாத பெயரை ஒரு காலி மாறியாக எடுத்துக்கொண்டு எதுவும் எழுதாமல் நகர்ந்துவிடும். குழுவில் சிலர் மேக்புக்கிலும் சிலர் உபுண்டுவிலும் வேலை செய்கிறார்கள் என்றால், மேக்ஃபைலின் தொடக்கத்திலேயே மேக் வெர்ஷனைச் சோதித்து, பழையதாக இருந்தால் பிழை காட்டி நிறுத்துங்கள்.

மூன்றாவது, ஃபைல் ஃபங்ஷன் எழுதும்போது எப்போதும் தேதி மாறும். நேரடியாக ஸ்டாம்பில் எழுதாமல் தற்காலிக ஃபைலில் எழுதி, முன்போலவே ஒப்பிட்டு மாற்றுங்கள்.

படி 4: ஒத்திகை ஓட்டம் பொய் சொல்லாமல் இருக்க

மேக்கை -என் ஆப்ஷனோடு ஓட்டினால் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். ஸ்டாம்ப் இருக்கும் புராஜெக்டில் அது எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யப்போவதாகக் காட்டும். ரெசிபியை ஓட்டவில்லை என்பதால் ஸ்டாம்ப் மாறியிருக்கும் என்றே மேக் வைத்துக்கொள்கிறது.

ஸ்டாம்ப் ரெசிபியின் வரிகளுக்கு முன்னால் `+` போட்டால் -என் கொடுத்தாலும் அவை ஓடும், மேக் உண்மையான தேதியைப் பார்க்கும். ஒரு வரிக்கு மட்டும் போட்டால் பலன் இல்லை, எல்லா வரிகளுக்கும் போட வேண்டும். இதன் விலை, ஒத்திகையிலும் ஸ்டாம்ப் ஃபைல் எழுதப்படும். ஆப்ஜெக்டைவிட ஸ்டாம்ப் புதியதாக இருக்கும் என்பதால் அடுத்த உண்மையான ஓட்டத்தில் கம்பைல் ஆகிவிடும், எதுவும் விட்டுப்போகாது. என் கணக்கில் இது கொடுக்கத் தகுந்த விலை.

படி 5: டார்கெட்டுக்கென்று தனி ஃபிளாக் கொடுத்திருந்தால்

இங்கேதான் நல்ல அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். டீபக் என்ற டார்கெட்டுக்கு மட்டும் சிஃபிளாக்ஸில் -ஜி (டீபக் தகவலைச் சேர்க்கும் ஃபிளாக்) சேர்க்கும் வரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டார்கெட்டுக்கென்று கொடுத்த மாறி அதன் டிபெண்டென்சிகளுக்கும், அவற்றின் டிபெண்டென்சிகளுக்கும் இறங்கும். டீபக் வழியாக ஸ்டாம்ப் உருவானால் அதில் -ஜி இருக்கும். வேறு டார்கெட் வழியாக உருவானால் இருக்காது. ஓர் ஓட்டத்தில் ஸ்டாம்ப் ஒரே ஒரு முறைதான் உருவாகும், எந்த வழியில் முதலில் தொட்டதோ அந்த மதிப்போடு. இணையாக ஓட்டினால் எந்த வழி முந்தும் என்று சொல்லவே முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மெயின்.ஓவுக்கு மட்டும் ஆப்டிமைசேஷனை அணைத்திருந்தால், பொதுவான ஸ்டாம்பால் அந்த மதிப்பைத் தனியாகப் பதிவு செய்ய முடியாது, ஏனென்றால் அதே ஸ்டாம்பை எல்லா ஆப்ஜெக்டும் பகிர்கின்றன.

மாறி கீழே இறங்காமல் தடுக்க, 3.82-இல் வந்த பிரைவேட் என்ற முன்னொட்டு இருக்கிறது. ஆனால் டீபக், ரிலீஸ் என்று மாறி மாறி பில்ட் செய்பவர்களுக்கு நான் சொல்வது வேறு: இரண்டுக்கும் தனித்தனி அவுட்புட் டைரக்டரி வையுங்கள், ஸ்டாம்பும் அந்தந்த டைரக்டரிக்குள் இருக்கட்டும். ஒரே டைரக்டரியில் ஒரு ஸ்டாம்பை வைத்துக்கொண்டு இரண்டு கான்ஃபிக்கை மாற்றி மாற்றி ஓட்டினால், ஒவ்வொரு முறையும் முழு புராஜெக்டும் கம்பைல் ஆகும். சரியாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் யாராலும் தாங்க முடியாது. கடைசியில் யாரோ ஒருவர் ஸ்டாம்பையே நீக்கிவிடுவார்.

படி 6: ஒவ்வொரு டார்கெட்டுக்கும் தனிப் பதிவு

ஃபைலுக்கு ஃபைல் ஃபிளாக் வேறுபடும் பெரிய புராஜெக்டுக்கு லினக்ஸ் கெர்னலின் பில்ட் அமைப்பான கேபில்டின் வழி பொருந்தும். அங்கே ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் பக்கத்தில், புள்ளியில் தொடங்கும் ஒரு சிஎம்டி ஃபைல் இருக்கும். அந்த ஆப்ஜெக்டை உருவாக்கிய கட்டளை அதில் ஒரு மேக் மாறியாக எழுதப்பட்டிருக்கும். அடுத்த ஓட்டத்தில் அந்த ஃபைல்களை இன்க்ளூட் செய்து, பழைய மாறியையும் இப்போதைய கட்டளையையும் இஃப்_சேஞ்ச்டு என்ற மேக்ரோ ஒப்பிடும். மாற்றம் இல்லையென்றால் ரெசிபி வெற்றாக விரியும். அதன் உருவம்:

```
மெயின்.ஓ: மெயின்.சி ஃபோர்ஸ்
	$(கால் இஃப்_சேஞ்ச்டு,சிசி)
```

இந்த வழியில் ஆபத்துகள் அதிகம். கெர்னலின் சொந்த ஆவணமே சிலவற்றை எச்சரிக்கிறது.

ஃபோர்ஸை மறப்பது. மறந்தால் தேதி புதியதாகாதவரை ரெசிபி விரியவே விரியாது, ஒப்பீடு நடக்காது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். கெர்னல் இப்போது இதற்கு எச்சரிக்கை காட்டுகிறது. உங்கள் மேக்ரோவிலும் `$^` பட்டியலில் (டார்கெட்டின் எல்லா டிபெண்டென்சிகளும்) ஃபோர்ஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு வரியைச் சேருங்கள்.

காற்புள்ளிக்குப் பின் இடைவெளி. `இஃப்_சேஞ்ச்டு, சிசி` என்று எழுதினால் மேக்ரோவுக்குப் போகும் பெயர் இடைவெளியோடு சேர்ந்த சிசி. அந்தப் பெயரில் கட்டளை எதுவும் இல்லை என்பதால் ரெசிபி தவறிவிடும். சி எழுதிப் பழகிய கை தானாகவே அந்த இடைவெளியைப் போடும்.

ஒரே டார்கெட்டில் இரண்டு முறை அழைப்பது. இரண்டாவது அழைப்பு முதலாவதன் பதிவை மேலெழுதிவிடும். இரண்டு கட்டளை தேவையென்றால் இரண்டையும் ஒரே கட்டளை மாறிக்குள் வையுங்கள், அல்லது இடையில் ஒரு டார்கெட்டைப் பிரியுங்கள்.

டார்கெட் பட்டியலில் சேர்க்க மறப்பது. எந்தெந்தப் பதிவை இன்க்ளூட் செய்வது என்று கேபில்ட் ஒரு பட்டியலை வைத்தே அறிகிறது. அதில் இல்லாத டார்கெட்டுக்குப் பழைய கட்டளை தெரியாததால் ஒவ்வொரு முறையும் பில்ட் ஆகும்.

`$?` மாறியை (டார்கெட்டைவிடப் புதிய டிபெண்டென்சிகளின் பட்டியல்) அப்படியே நம்புவது. ஃபோர்ஸ் எப்போதும் புதியது என்பதால் `$?` எப்போதும் காலியாக இருக்காது. ஃபோனி பெயர்களை வடிகட்டிய பிறகே "புதிய டிபெண்டென்சி ஏதாவது இருக்கிறதா" என்று கேளுங்கள். வடிகட்டிய பின் இன்னொரு ஓட்டை தெரியும்: ஃபோர்ஸைத் தவிர வேறு டிபெண்டென்சி இல்லாத டார்கெட்டை யாராவது அழித்துவிட்டால், பட்டியலும் காலி, கட்டளையும் அதேதான். பில்ட் ஆகாது. டார்கெட் இருக்கும்போது மட்டும் அதன் பதிவை இன்க்ளூட் செய்தால் இந்த ஓட்டை அடைபடும். கேபில்ட் செய்வதும் அதைத்தான்.

கம்பைலுக்கு முன் பதிவை எழுதுவது. கம்பைல் தோற்றால் பழைய ஆப்ஜெக்ட் பழைய இடத்தில் இருக்கும், பதிவில் புதிய கட்டளை இருக்கும். அடுத்த முறை இரண்டும் பொருந்துவதாகத் தோன்றும். முன்னே சொன்ன ஆபத்தான வகை இதுதான். கட்டளை வெற்றியடைந்த பிறகே பதிவு. ஸ்டாம்ப் முறையில் இந்தக் கவலை இல்லை, அங்கே தேதி வித்தியாசமே காப்பாற்றும். அதனாலேயே சின்ன புராஜெக்டுக்கு ஸ்டாம்பைப் பரிந்துரைக்கிறேன்.

படி 7: ஒப்பீடு உண்மையாக ஒப்பிடுகிறதா

மேக்கில் இரண்டு வாசகத்தை ஒப்பிட ஃபில்டர்-அவுட் ஃபங்ஷனைப் பயன்படுத்தும் உதாரணங்கள் ஏராளம். பழைய வார்த்தைகளைப் புதியதிலிருந்து கழித்து, மிச்சம் இல்லையென்றால் மாற்றம் இல்லை என்பது கணக்கு. ஒரு பக்கம் மட்டும் கழித்தால், சேர்த்த ஃபிளாக் தெரியும், நீக்கிய ஃபிளாக் தெரியாது. -ஜியை நீக்கிப் பாருங்கள், எதுவும் நடக்காது.

இரண்டு பக்கமும் கழித்தாலும் வரிசை தெரியாது. ஸ்டேட்டிக் லைப்ரரிகளை லிங்க் செய்யும்போது வரிசைதான் எல்லாம்; இரண்டு லைப்ரரிகளை இடம் மாற்றினால் லிங்க் வெற்றியா தோல்வியா என்பதே மாறும். கேபில்ட் இதற்காகவே இடைவெளிகளை ஒரு சிறப்புச் சொல்லாக மாற்றி, முழுக் கட்டளையையும் ஒரே வார்த்தையாக்கி ஒப்பிடுகிறது. அப்போதும் கழிக்கும் பக்கத்தில் `%` இருந்தால் அது எதற்கும் பொருந்தும் குறியாகிவிடும். தேதி வடிவம் ஒன்று கட்டளைக்குள் இருந்தால் போதும், மாற்றம் மறைந்துபோகலாம்.

ஃபைண்ட்ஸ்டிரிங் ஃபங்ஷனில் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு வாசகத்துக்கும் முன்னும் பின்னும் ஒரே அடையாள எழுத்தை ஒட்டி, முதலாவது இரண்டாவதில் இருக்கிறதா, இரண்டாவது முதலாவதில் இருக்கிறதா என்று இரு பக்கமும் கேளுங்கள். இரண்டும் ஆம் என்றால் சமம். ஒப்பிடும் முன் இரண்டையும் ஸ்டிரிப் செய்யுங்கள், இல்லையென்றால் ஒரு கூடுதல் இடைவெளிக்காக எல்லாம் கம்பைல் ஆகும்.

பதிவை மேக் மாறியாக எழுதினால் எஸ்கேப் செய்வதும் உங்கள் பொறுப்பு. `$` ஒவ்வொன்றும் `$$` ஆக வேண்டும். `#` வந்தால் அதற்குப் பின்னால் உள்ளது கமென்டாகிவிடும், மறுமுறை படிக்கும்போது பாதிக் கட்டளைதான் கிடைக்கும். இதில் ஒரு வெர்ஷன் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது: 2020-இல் வந்த குனு மேக் 4.3 முதல், ஃபங்ஷன் அழைப்புக்குள் இருக்கும் `#` கமென்டாகக் கருதப்படுவதில்லை, அதற்கு முன்னால் பின்சாய்வுக் கோடும் போடக் கூடாது. பழைய வெர்ஷனில் போட்டே ஆக வேண்டும். `#` குறியை ஒரு தனி மாறியில் வைத்து, எங்கும் அந்த மாறியையே பயன்படுத்தினால் இரண்டு வெர்ஷனிலும் ஓடும்.

படி 8: சோதித்துப் பாருங்கள்

விதியை எழுதியதும் அடுத்தடுத்து இரண்டு முறை மேக் ஓட்டுங்கள். இரண்டாவது முறை கம்பைலர் ஓடவே கூடாது. ஓடினால் ட்ரேஸ் ஆப்ஷனோடு மறுபடி ஓட்டுங்கள், எந்த டார்கெட் எதனால் புதுப்பிக்கப்படுகிறது என்று அது சொல்லும். ட்ரேஸ் ஆப்ஷனும் 4.0-இல் வந்ததுதான். கெர்னல் பில்டில் வி=2 கொடுத்தால், கட்டளை மாறியதால் மறுபடி பில்ட் ஆனது என்ற காரணம் வரை எழுதிக் காட்டும்.

அப்புறம் ஃபிளாக்கை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்: ஒன்றைச் சேர்த்து, ஒன்றை நீக்கி, இரண்டை இடம் மாற்றி. மேற்கோள், `$`, `#`, `%` நான்கும் இருக்கும் ஒரு மேக்ரோவைக் கொடுத்துப் பாருங்கள். ஓர் ஆப்ஜெக்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். ஃபிளாக்கை மாற்றி, சோர்ஸில் வேண்டுமென்றே ஒரு சின்டாக்ஸ் பிழை வைத்து பில்டைத் தோற்கடியுங்கள். பிறகு சோர்ஸின் பேக்கப்பை அதன் பழைய தேதி மாறாமல் திரும்ப வைத்து ஓட்டுங்கள். அந்த ஆப்ஜெக்ட் புதிய ஃபிளாக்கில் கம்பைல் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் பதிவு முன்கூட்டியே எழுதப்படுகிறது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ராஸ்பெரி பை 4 போன்ற போர்டிலேயே கம்பைல் செய்கிறீர்கள் என்றால் ஒன்றைக் கூடுதலாகக் கவனியுங்கள். அதில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது, நெட்வொர்க் இல்லாமல் பூட் ஆனால் நேரம் பின்னால் இருக்கும். தேதியை நம்பும் எந்த மேக்ஃபைலும் அந்த நிலையில் தவறான முடிவெடுக்கும். நேரம் சரியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு பில்டைத் தொடங்குங்கள்.

சிமேக் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வேலையில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிந்துவிட்டது: அது உருவாக்கும் மேக்ஃபைல்கள் ஒவ்வொரு டார்கெட்டின் ஃபிளாக்குகளையும் ஒரு தனி ஃபைலில் வைத்து, ஆப்ஜெக்டுகளை அதைச் சார்ந்திருக்கச் செய்கின்றன. மேக் போன்ற இன்னொரு பில்ட் கருவியான நிஞ்ஜா இன்னும் நேராக, ஒவ்வொரு கட்டளையின் ஹாஷையும் தன் லாகில் வைத்துக்கொள்கிறது. புதிய புராஜெக்டைத் தொடங்குபவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பத்து வருடப் பழைய மேக்ஃபைலைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் படி 1-இல் உள்ள ஸ்டாம்பை மட்டும் சேர்த்து, படி 8-இன் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். படி 6-இன் முறை உங்களுக்குத் தேவையா இல்லையா என்பது அந்தச் சோதனைகளிலேயே தெரிந்துவிடும்.